இலை வாடாமல் காத்த வரலாறு



தில்லியில் குளிர்காலம் தொடங்கியதும் காய்கறிச் சந்தையின் கோலமே மாறிவிடுகிறது. கோடை முழுவதும் சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் பார்த்துச் சலித்த கண்களுக்கு, கார்த்திகை பிறந்தவுடன் தள்ளுவண்டிகளில் குவியும் பாலக்கும் மேத்தியும் கடுகுக் கீரையும் ஒரு விருந்தாகவே அமைகின்றன. அவற்றின் நடுவே, வெளிர்ப் பச்சை நிறமும் சுருண்ட விளிம்பும் கொண்ட ஒரு கீரையும் காணப்படும். கடைக்காரர் அதனைச் ‘சலாத் பத்தா’ என்று கூவி விற்கிறார். யூனானி வைத்தியர்கள் அதனைக் ‘காஹூ’ என்பர். ஆங்கிலத்தில் அதன் பெயர் லெட்டூஸ்.

தமிழில் என்னவென்று அழைப்பது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோருக்கு இவ்வினா அவ்வப்போது எழுவதுண்டு. ‘இலைக்கோசு’ என்று சிலர் எழுதுகின்றனர். ஆனால் இது கோசு இனத்தைச் சேர்ந்ததன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆதலின் இவ்வுரையில் ‘சலாத்துக் கீரை’ என்றே வழங்குவோம். கடைக்காரருக்கும் விளங்கும், நமக்கும் விளங்கும்.

தில்லிக்கு வந்த புதிதில், குளிர்காலத்தில் ஒரு நாள் இக்கீரையை நிறைய வாங்கிவிட்டோம். அப்பொழுது எங்கள் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். நாங்கள் கீரை முழுவதையும் நன்றாகக் கழுவி, நீர் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில், உறைதட்டை ஒட்டி வைக்க முற்பட்டோம். தாயார் தடுத்தார்.

“தண்ணியை உதறிட்டு ஈரத்துணியிலே சுத்தி வைங்கப்பா. அதுவும் மூச்சு விட வேண்டாமா?” என்றார்.

“அம்மா, அதெல்லாம் பெட்டி இல்லாத காலத்து வழக்கம்” என்று நாங்கள் நகைத்தோம். அவர் வாதாடவில்லை. பாதிக் கீரையைத் தனியே எடுத்து, நீரை உதறி, பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் தளரச் சுற்றிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தார். நான்காம் நாள் நாங்கள் வைத்த பையைத் திறந்தபோது, ஒரு பகுதி பனிக்கட்டியாய் உறைந்து கருத்திருந்தது. மற்றொரு பகுதி கொழகொழவென்று அழுகியிருந்தது. தாயார் வைத்த கீரையோ பறித்த அன்று போலவே இருந்தது. அதனை நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கோசுமல்லி செய்து எங்களுக்கே பரிமாறினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

‘அதுவும் மூச்சு விட வேண்டாமா’ என்று அவர் கேட்டது உவமையன்று, உண்மை. பறித்த இலை இறந்துவிடுவதில்லை. அது பிராணவாயுவை உட்கொள்கிறது, தன்னுள் சேமித்த சர்க்கரையை எரிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது. வேரிலிருந்து வரும் நீர் நின்றுபோனதால், இருப்பதைச் செலவிட்டு உயிர் வாழ்கிறது. சலாத்துக் கீரையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான். அந்நீரில் சிறிதளவு குறைந்தாலும் இலை துவண்டுவிடும். சுற்றியுள்ள காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் மூச்சு ஏறத்தாழ இரு மடங்காகிறது; வாழ்நாளும் அவ்வளவுக்குச் சுருங்குகிறது. ஆகவே இலையைக் காப்பது என்பது அதன் மூச்சைத் தணிப்பதும் அதன் நீரைக் காப்பதுமேயாகும். இதனைச் செய்ய மனிதன் எத்தனை வழிகளைத் தேடினான் என்பதே இன்றைய வரலாறு.

இக்கீரையின் தொன்மையை எகிப்து நாட்டில் காண்கிறோம். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே நைல் நதிக்கரையில் இதனைப் பயிரிட்டனர். வளமைக்குரிய மின் என்னும் தெய்வத்தின் சிற்பங்களில், நெடிதுயர்ந்த இலைகளுடன் இச்செடி வரிசையாக நிற்பதைக் காணலாம். அக்காலத்தில் இதன் விதையிலிருந்து எண்ணெயும் எடுத்தனர்.

எகிப்திலிருந்து இது கிரேக்கருக்கும் ரோமானியருக்கும் சென்றது. தண்டை ஒடித்தால் பால் வடிவதால், பால் என்று பொருள்படும் ‘லாக்’ என்ற சொல்லிலிருந்து ‘லாக்டுகா’ என்று ரோமானியர் பெயரிட்டனர். அதுவே திரிந்து லெட்டூஸ் ஆயிற்று. கி.மு. 23-ஆம் ஆண்டில் பேரரசர் அகஸ்டஸ் கடும் நோய்வாய்ப்பட்டார். அரண்மனை வைத்தியர் அந்தோனியஸ் மூசா இக்கீரையை உணவாகக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார் என்று பிளினி எழுதி வைத்துள்ளார். அதன்பின் கீரையின் புகழ் ஓங்கிற்று. அது விளையாத மாதங்களிலும் கிடைக்கவேண்டும் என்பதற்காக, காடியும் தேனும் கலந்த சாற்றில் ஊறவைத்துக் காக்கும் வழியைக் கண்டனர் என்றும் அவர் கூறுகிறார்.

முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா இன்னும் விரிவான முறையொன்றைத் தருகிறார். இளந்தண்டுகளைச் சுத்தம் செய்து உப்பிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் வைக்க வேண்டும். உப்பு நீர் விட்டபின் கழுவிப் பிழிந்து, தட்டிகளில் பரப்பி உலர்த்த வேண்டும். பின்னர் சோம்புச் செடி முதலியவற்றை இடையிடையே வைத்து ஜாடியில் அடுக்கி, இரு பங்கு காடியும் ஒரு பங்கு உப்பு நீரும் சேர்த்து ஊற்ற வேண்டும். நமது இல்லங்களில் வடுமாங்காய் போடுவோருக்கு இதனை விளக்கவேண்டிய தேவையில்லை. ஆயினும் ஒன்றை நோக்குங்கள். இம்முறையில் சுவை நிலைக்கிறது, இலையோ மடிந்துவிடுகிறது. உப்பு அதன் நீரை ஈர்த்துவிடுகிறது. பசுமையும் மொறுமொறுப்பும் ஊறுகாயில் இல்லை. இலையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் குளிர்ச்சி வேண்டும். அது ரோமானியரின் ஜாடியில் இல்லை.

குளிர்ச்சியைத் தேடிய வரலாற்றில் நம் நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரியில் இதற்கெனவே ஒரு பகுதி இருக்கிறது. வெடிமருந்துக்குரிய வெடியுப்பை நீரில் கரைத்தால் அந்நீர் குளிர்வதை அறிந்து, குடிநீர்க் குடுவையை அதில் அமிழ்த்திச் சுழற்றிக் குளிரச் செய்தனர். 1586-ஆம் ஆண்டில் அக்பரின் அரசவை பஞ்சாபுக்குச் சென்றபின், லாகூரிலிருந்து ஏறத்தாழ 45 கோசு தொலைவிலுள்ள வடமலைப் பகுதியிலிருந்து பனிக்கட்டியைப் படகிலும் வண்டியிலும் ஆட்களின் தோளிலும் கொண்டுவந்தனர் என்று அந்நூல் கூறுகிறது.

மலையிலிருந்து கொணர இயலாத இடங்களில் சமவெளியிலேயே பனிக்கட்டி செய்தனர். அலகாபாத்தில் தாம் கண்ட முறையை ராபர்ட் பார்க்கர் என்பார் 1775-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் விவரித்தார். தரையில் ஆழமற்ற குழிகள் தோண்டி, கரும்புச் சருகும் தட்டையும் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய மண்சட்டிகளை வரிசையாக வைப்பர். காய்ச்சி ஆறிய நீரை அந்திப்பொழுதில் அவற்றில் ஊற்றுவர். வானம் தெளிந்து காற்று அடங்கிய குளிர்கால இரவில், சட்டியின் நீர் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்தும், ஓரளவு ஆவியாகியும், விடியுமுன் உறைந்துவிடும். சுற்றியுள்ள காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலுங்கூட இது நிகழும். கதிரவன் எழுமுன் பணியாட்கள் பனிக்கட்டியைத் திரட்டி, வைக்கோலும் கம்பளியும் இட்ட ஆழ்குழியில் கோடைக்கெனச் சேமிப்பர்.

பின்னர் பனிக்கட்டி கடல் கடந்தே வந்தது. 1833-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியில் ஏறத்தாழ 180 டன்னை ‘டஸ்கனி’ என்னும் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் 100 டன் அளவு கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் சின்னமேயாகும். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் பின்னாளில் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. ஆயின் இக்குளிர்ச்சியெல்லாம் செல்வர்களின் பானத்துக்கும், நோயாளிகளின் நெற்றிக்குமே பயன்பட்டது. கீரைக்குப் பனிக்கட்டி இடுவதை அன்று யார் நினைத்திருப்பர்?

அதனைப் பெரும் அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சலினாஸ் பள்ளத்தாக்கு. கடற்காற்றால் கோடையிலும் குளிர்ந்திருக்கும் அவ்விடத்தில், 1920-களில் சலாத்துக் கீரை பெருமளவில் பயிராயிற்று. அதனை உண்போரோ ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், நியூயார்க் போன்ற கீழ்க்கரை நகரங்களில் இருந்தனர். ஆதலின் மரப்பெட்டிகளில் கீரையை அடுக்கி, அடுக்குகளுக்கிடையே நொறுக்கிய பனிக்கட்டியைத் தூவி, பனிக்கட்டி நிரப்பிய ரயில் பெட்டிகளில் ஏற்றி அனுப்பினர். வழியில் பல நிலையங்களில் மீண்டும் பனிக்கட்டி இட்டனர். ஜான் ஸ்டைன்பெக் 1952-இல் வெளியிட்ட ‘ஈஸ்ட் ஆப் ஈடன்’ என்னும் நாவலில், இப்படிக் கீரை அனுப்ப முனைந்த ஒருவர், வழியில் ரயில் தாமதித்துப் பனிக்கட்டி கரைந்ததால் தம் செல்வத்தை இழக்கும் நிகழ்ச்சி வருகிறது. ஸ்டைன்பெக் சலினாஸில் பிறந்தவர்.

உருண்டையாய் இறுகிய ஒருவகைச் சலாத்துக் கீரைக்கு ‘ஐஸ்பர்க்’, அதாவது பனிப்பாறை, என்று பெயர். பனிக்கட்டி மூடிய ரயில் பெட்டிகளைக் கண்டுதான் அப்பெயர் பிறந்தது என்று பலரும் கூறுவர். கதை அழகியது, ஆனால் உண்மையன்று. பர்ப்பி என்னும் விதை நிறுவனம் 1894-ஆம் ஆண்டிலேயே அப்பெயருடன் விதையை விற்றது. சொற்களோடு பழகுவோருக்கு இத்தகைய எச்சரிக்கைகள் பயன்படும்.

1940-களின் இறுதியில் சலினாஸில் ஒரு புதிய முறை தோன்றியது. கீரைப் பெட்டிகளை ஓர் இரும்பு அறைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை இறைத்து வெளியேற்றினர். அழுத்தம் வெகுவாகக் குறைந்தால், 0 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகும் என்பது பௌதிக நூல் கூறும் உண்மை. இலையின் ஈரத்தில் சிறுபகுதி ஆவியாகும்போது, இலையின் வெப்பத்தையும் தன்னோடு கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 6 டிகிரி குளிர்வதற்கு எடையில் ஒரு விழுக்காட்டு நீர் செலவாகும். அரைமணி நேர அளவில் கீரை முழுவதும் நடுக்குருத்து வரை குளிர்ந்துவிடும். பனிக்கட்டியே தேவையில்லை.

சிந்தித்துப் பாருங்கள். மண்பானை நீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறை குளிர்வதும், தாயாரின் ஈரத்துணியும், சலினாஸின் இரும்பறையும் ஓர் உண்மையையே பற்றி நிற்கின்றன. ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. அளவும் கருவியும் வேறு, தத்துவம் ஒன்று.

ஆனால் இந்தப் பசுமைக்குச் சிலர் விலை கொடுத்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. பனிக்கட்டி இட்டுக் கீரையை அடுக்கிய கொட்டகைத் தொழிலாளர் 1936-இல் சலினாஸில் வேலைநிறுத்தம் செய்தனர், அது அடக்கப்பட்டது. புதிய குளிர்விப்பு முறை வந்தபின் அடுக்கும் வேலை கொட்டகையிலிருந்து வயலுக்கே மாறியது. கொட்டகை வேலை பலருக்குப் பறிபோயிற்று. வயலில் குனிந்து உழைத்தோருள் பெரும்பாலோர் 1942 முதல் 1964 வரை நடந்த ஒப்பந்தத் திட்டத்தின்கீழ் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். செடிகளைக் கலைத்து நடுவெளி விட, கைப்பிடி குட்டையான மண்கொத்தியை அவர்களிடம் கொடுத்தனர். நாள் முழுதும் முதுகை வளைத்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1970-இல் சீசர் சாவேஸ் தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கீரையை வாங்க வேண்டாம் என்று நாடெங்கும் வேண்டினர். அவ்வாண்டு டிசம்பரில் சாவேஸ் சிறை சென்றார். 1975-இல்தான் குட்டைக் கொத்தி கலிபோர்னியாவில் தடைசெய்யப்பட்டது. வேற்றூரில் உழைத்து வாழும் நமக்கு, வேற்றூர் சென்று உழைத்த அம்மக்களின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

பெரும் அளவில் நடப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2018-இல் அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த ஒருவகைச் சலாத்துக் கீரையால் அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 210 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். அந்நோய்க்கிருமி அப்பகுதியின் பாசனக் கால்வாய் நீரிலும் காணப்பட்டது. பச்சையாக உண்ணும் இலைக்கு நீரின் தூய்மையே முதற் காவல்.

மீண்டும் தில்லிக்கு வருவோம். பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் 1980-களில் மின்சாரம் வேண்டாத ஒரு குளிர்ப்பெட்டகத்தை உருவாக்கினர். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, நிழலில் அமைத்து, காலையும் மாலையும் மணலை நனைத்து வைப்பதுதான் அதன் முறை. மேலே ஈரச் சாக்கோ வைக்கோல் மூடியோ இடுவர். வறண்ட கோடையில் உட்புறம் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். ஈரப்பதம் 90 விழுக்காட்டளவில் நிற்கும். சந்தைக்குத் தொலைவிலிருக்கும் சிறு விவசாயி, விற்காத கீரையைக் குப்பையில் கொட்டாமல் சில நாள் காத்துக்கொள்ள இது உதவுகிறது. அரசருக்காக மலையிலிருந்து சுமந்துவந்த குளிர்ச்சி, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் உழவரின் கொல்லையிலேயே கிடைத்தது எனலாம். காற்று வறண்டிருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும். ஆதலால் வைகாசி மாதத் தில்லியில் மண்பானை நீர் குளிர்வதுபோல், சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் குளிர்வதில்லை. இரண்டு ஊரிலும் வாழ்ந்த நேயர்கள் இதனைத் தம் நாவாலேயே அறிந்திருப்பர்.

இனி, இவ்வரலாறு நம் அடுக்களைக்குத் தரும் முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

கீரையை வாங்கியவுடன் அழுகிய இலைகளையும் நசுங்கிய இலைகளையும் நீக்கிவிடுக. ஓர் இலையின் அழுகல் மற்றவற்றுக்கும் பரவும். சில நாள் வைத்திருக்க எண்ணினால் நறுக்க வேண்டாம். வெட்டுப்பட்ட இடம் விரைவில் பழுப்பேறும். கழுவாமல் வைத்து, உண்ணுமுன் கழுவுவது நன்று. முன்னரே கழுவினால், நீரை நன்றாக உதறித் துணியில் ஒற்றி எடுத்துவிடுக. பின்னர் நனைத்து இறுகப் பிழிந்த சுத்தமான பருத்தித் துணியில் தளரச் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில், சிறிது இடம் விட்டு வைக்கவும். துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. இலைமேல் தேங்கும் நீரில் அழுகல் பிறக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டே இதற்கு உரிய இடம். உறைதட்டை ஒட்டி வைத்தால் இலையின் உள்நீர் உறைந்து நுண்ணறைகளைக் கிழித்துவிடும். அதனை மீட்க வழியில்லை. ஆப்பிள், வாழைப்பழம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவால் இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இறுகிய உருண்டைக் கீரை 0 டிகிரியில், ஈரம் குறையாமல் வைத்தால் மூன்று வாரத்துக்கு மேலும் நிற்கும். 5 டிகிரியில் இரு வாரமளவு நிற்கும். தளர்ந்த இலைக்கீரைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சில நாட்களில் உண்பதே நலம்.

இலை துவண்டிருந்தால் எறிந்துவிட வேண்டாம். குடிக்கத்தக்க குளிர்ந்த நீரில் கால்மணி நேரம் இட்டு வைத்தால், நுண்ணறைகள் நீரை உறிஞ்சி மீண்டும் விறைத்து எழும். ஆனால் கொழகொழத்து நாற்றமெடுத்த இலையை எந்நீரும் மீட்காது. உண்ணுமுன் ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் தூய நீரில் கழுவவும். கழுவுவதால் எல்லாக் கிருமிகளும் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. எதிர்ப்பாற்றல் குன்றிய முதியோருக்கும் கருவுற்றோருக்கும் வேகவைத்துக் கொடுப்பதே நன்று. கோசுமல்லி செய்வோர் உப்பைக் கடைசியில் சேர்க்கவும். முன்னரே சேர்த்தால் கொலுமெல்லாவின் ஜாடியில் நிகழ்ந்ததே நம் கிண்ணத்திலும் நிகழும்.

எங்கள் தாயார் இப்பொழுது ஊரில் இருக்கிறார். அபுல் பசலையும் சலினாஸையும் அவர் அறியார். இவ்வுரைக்காகச் செய்திகளைத் திரட்டியபோது, பூசாவின் செங்கல் பெட்டகத்தைப் பற்றித் தொலைபேசியில் அவரிடம் சொன்னோம். “நம்ம வீட்டுத் தண்ணிப் பானைக்கு அடியிலே மணல் பரப்பி நனைச்சு வைப்போமே, அதுதானே?” என்றார். அதுதான் என்று ஒப்புக்கொண்டோம், இம்முறை நகைக்கவில்லை.

நேயர்களே! கையில் வாங்கும் ஒரு பிடிக் கீரையில் யமுனைக் கரையிலோ வேறெங்கோ குனிந்து நட்டவரின் உழைப்பு இருக்கிறது. நிலத்தின் நீர் இருக்கிறது. இன்னும் அடங்காத உயிரும் இருக்கிறது. அதனை அழுகவிட்டால் மூன்றையும் வீணாக்கியவராவோம். ஒரு பழைய துணித் துண்டும் சிறிது கவனமும் அதனைக் காக்கப் போதும்.